மூன்று மணிக்குள் ஒரு கையெழுத்து

செல்வந்தர்களின் கோடிகளைக் காப்பது முதலீட்டு மேதைகள் மட்டுமல்ல. ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த ஆபீஸ் கோஆர்டினேட்டரும்தான்

மும்பையின் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸிலோ நாரிமன் பாயிண்டிலோ உள்ள செல்வ மேலாண்மை நிறுவனங்களில், பிற்பகல் 2.30 மணிக்கு ரத்த அழுத்தம் ஏறுவது முதலாளிக்கல்ல; ஆபீஸ் கோஆர்டினேட்டருக்கு. ஒரு தொழிலதிபர் 2 கோடி ரூபாயைப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது. இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. கணவர் போட்டுவிட்டார். மனைவியோ புனேயில். 3 மணிக்குள் விண்ணப்பமும் பணமும் போய்ச் சேராவிட்டால் அன்றைய விலை கிடைக்காது. ‘ஒரு கிறுக்கல்தானே, நீங்களே போட்டுவிடுங்களேன்’ என்ற யோசனை இந்த நேரத்தில்தான் கிளம்பும்.

இந்த வேலையின் சாரமே அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது.

நிறுவனத்தின் முகம் என்னவோ ‘ரிலேஷன்ஷிப் மேனேஜர்’தான். வாடிக்கையாளரோடு காபி சாப்பிடுவதும் சந்தையின் போக்கை அலசுவதும் அவர். கோஆர்டினேட்டர் தாணேயிலிருந்தோ டோம்பிவிலியிலிருந்தோ லோக்கல் ரயிலில் நசுங்கி வருபவர். பெரும்பாலும் பி.காம். பட்டம்; எக்ஸெல் தெரியும்; இந்தி, ஆங்கிலம், மராத்தி மூன்றிலும் போனில் சமாளிக்கத் தெரியும். கே.ஒய்.சி. ஆவணங்கள், பான் எண், மாறிய முகவரி, திரும்பி வந்த காசோலை, வருமான வரிக் கணக்குக்கு மூலதன ஆதாய அறிக்கை என்று எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போகும். டீ வரவில்லை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

தொகைகளோ தலைசுற்ற வைப்பவை. போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவையில் சேரக் குறைந்தபட்சம் 50 லட்ச ரூபாய் வேண்டும் என்பது செபியின் விதி. மாற்று முதலீட்டு நிதிகளுக்குப் பொதுவாக 1 கோடி. ஒரே வாரத்தில் கோஆர்டினேட்டர் கைமாற்றும் விண்ணப்பங்களின் மதிப்பு, அவர் ஆயுள் முழுக்கச் சம்பாதிப்பதை மிஞ்சிவிடலாம். ஆனால் ‘இப்போது விற்கலாமா?’ என்று வாடிக்கையாளர் கேட்டால் அவர் பதில் சொல்லக் கூடாது. ஆலோசனை சொல்வதற்கு அதற்கான தேர்வில் தேறியிருக்க வேண்டும்.

பிறகு ஏன் இவர் முக்கியம்? இரண்டு சம்பவங்கள் போதும். 2010 டிசம்பரில் குர்காவ்னில் ஒரு வெளிநாட்டு வங்கிக் கிளையின் அதிகாரி, செபியின் பெயரில் போலிக் கடிதம் காட்டிப் பணக்கார வாடிக்கையாளர்களின் பல நூறு கோடியை இல்லாத திட்டத்துக்குத் திருப்பினார் என்று புகார் வெடித்தது. 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் புரோக்கிங், வாடிக்கையாளர்கள் தந்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியைத் தவறாகப் பயன்படுத்தி அவர்களது பங்குகளைக் கையாண்டது என்று கூறி, புதியவர்களைச் சேர்க்க செபி தடை விதித்தது. அந்தப் பரந்த அதிகாரத்துக்குப் பதிலாக, வரம்புக்கு உட்பட்ட புதிய ஒப்புதல் முறையை 2022இல் செபி கொண்டுவந்தது. இரண்டிலும் அடி விழுந்தது சந்தைச் சரிவால் அல்ல. நம்பி வாங்கிய, நம்பிக் கொடுத்த காகிதங்களால்.

காகிதத்தின் அருமை ஒரு சாவில் இன்னும் துலக்கமாகத் தெரியும். கணவரை இழந்த பெண் போனில் முதலில் பேசுவது பெரும்பாலும் கோஆர்டினேட்டரிடம்தான். எந்தெந்தக் கணக்கு, எவ்வளவு என்பதே பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது. நாமினி பெயர் பதிவாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும் சில படிவங்களும் போதும். இல்லாவிட்டால், பெரிய தொகையானால், வாரிசுச் சான்றிதழ், நீதிமன்றம் என்று அலைச்சல். நாமினி என்பதாலேயே ஒருவர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது, உயிலும் வேண்டும். இதையெல்லாம் இரண்டு வருடமாக நினைவூட்டி, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டிருந்தவரும் இதே கோஆர்டினேட்டர்தான்.

நல்ல நிறுவனத்தை அடையாளம் காண இங்கே ஒரு வழி இருக்கிறது. வரவேற்பறையின் பளிங்கைப் பார்க்க வேண்டாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்களா, ஓ.டி.பி.யை போனில் சொல்லச் சொல்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால், அங்கே ‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் கோஆர்டினேட்டருக்கு இல்லை. அல்லது அதைச் சொல்ல அவரை விடவில்லை.

2.50 மணி. கையெழுத்து வரவில்லை. விண்ணப்பம் மறுநாளுக்குத் தள்ளிப் போகிறது. தொழிலதிபர் கத்துகிறார், ரிலேஷன்ஷிப் மேனேஜர் முறைக்கிறார். ஒரு நாள் தாமதத்தில் நஷ்டமும் வரலாம், லாபமும் வரலாம். போலிக் கையெழுத்தில் நஷ்டம் மட்டும்தான். மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது கோஆர்டினேட்டருக்கு யாரும் நன்றி சொல்லப் போவதில்லை. அந்த 2 கோடி மட்டும் பத்திரமாக இருக்கிறது.