முதியோரும் ராஜபாட்டையும்

சாலை பொதுச் சொத்து. மோட்டாரில் செல்லும் தனவந்தருக்கு அதில் எவ்வளவு பாத்தியதை உண்டோ, கோலூன்றி நடக்கும் கிழவருக்கும் அவ்வளவு பாத்தியதை உண்டு. இதைச் சட்டமும் மறுக்கவில்லை, சர்க்காரும் மறுக்கவில்லை. ஆயினும் நமது சாலைகளை வகுக்கும் இஞ்சினீயரின் மனக்கண் முன் நிற்பவன் ஒருவனே. அவனுக்கு வயது முப்பது, பார்வை கூர்மை, கைகால் துடிப்பு, ஏறியிருப்பதோ நல்ல வண்டி. எழுபது வயதானவர் அந்தச் சாலையில் எப்படிக் குறுக்கே போவார், எப்படி வலப்புறம் திரும்புவார் என்ற கேள்வி சாலை போட்டு முடிந்த பிறகே எழுகிறது. பெரும்பாலும் ஒரு பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே எழுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையே, ஜவ்வாது மலைக்குக் கீழ்ப்புறம், செய்யாற்றங்கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். அது தாலூகாவின் தலைமை ஸ்தலம். பட்டாவுக்கும் உதவித் தொகைக்கும் மனுக் கொடுக்கச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் வயோதிகர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தாக வேண்டும். அறுபது வயது தாண்டிய குடியானவர் சிறிய டி.வி.எஸ். வண்டியில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவது அங்கே அன்றாடக் காட்சி. பௌர்ணமி தோறும் பர்வதமலைக்கு வரும் யாத்திரிகர்கள் இரவில் கால்நடையாகப் போகிறார்கள். இவையெல்லாம் அந்தச் சாலைக்கு எதிர்பாராமல் நேர்ந்த இடைஞ்சல்கள் அல்ல. இவைதாம் அந்தச் சாலையின் போக்குவரத்து. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இன்று அந்த விகிதம் இன்னும் அதிகம்.

சிறிது கணக்குப் பார்ப்போம். மனிதன் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொண்டுதான் பல தேசங்களில் கடக்கும் நேரத்தை நிர்ணயித்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடையை இங்கிலாந்தில் அளந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரி 0.9 மீட்டர்; பெண்களின் சராசரி 0.8 மீட்டர். ஆண்களில் நூற்றுக்கு 84 பேரும், பெண்களில் 94 பேரும் சட்டம் எதிர்பார்த்த வேகத்தில் நடக்க இயலாதவர்கள்! ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையை நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டி கடக்க ஏறக்குறைய ஒன்பது நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி அதற்குள் சுமார் 150 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தூரத்துக்குள் வளைவோ புளியமரமோ இருந்தால், அவள் சாலையில் கால் வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத லாரி, அவள் கடந்து முடிவதற்குள் அவள் மேல் வந்து நிற்கும். இதில் யாருடைய அஜாக்கிரதை என்று கேட்கிறோம்.

நியாயஸ்தலத்தில் இதற்குக் கிடைக்கும் விடை நாமறிந்ததே. முன்பு இந்தியன் பீனல் கோடு 304-ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதீய நியாய சம்ஹிதையின் 106-வது பிரிவு. எதுவானாலும் எதிரி டிரைவர்தான். நஷ்ட ஈட்டு வழக்கிலோ, "செத்தவரும் கவனமின்றிக் கடந்தார்" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடித் தொகையைக் குறைக்கப் பார்க்கும். சாலையை வகுத்தவர் எந்தக் கூண்டிலும் ஏறுவதில்லை, சாட்சியாகக்கூட வருவதில்லை.

டிரைவர்களின் வேகமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று போலீஸார் சொல்லுகிறார்கள். வேகம் கொல்லுகிறது என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஊர் நடுவில் நேராகவும் அகலமாகவும் வழவழப்பாகவும் சாலையைப் போட்டுவிட்டு, "மெல்லச் செல்க" என்று ஒரு பலகையை நட்டால் எவன் மெல்லப் போவான்? மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறு உயிரை வாங்காதபடி சாலையை அமைப்பது அமைப்பவரின் பொறுப்பு. இதை ஸ்வீடன் பார்லிமெண்டு 1997-லேயே கொள்கையாக ஏற்றது. இங்கோ 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலையில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர் 32,825 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் ராஜ்யங்களுக்குள் முதலிடம் நமது தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்த முதலிடத்தைக் கொண்டாட மேடை போட யாரும் முன்வரவில்லை.

"கிழவர்கள் வண்டி ஓட்டுவானேன், வீட்டில் இருக்கலாகாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாற்பது வயதானவரிடம் வைத்திய சர்டிபிகேட் வாங்கி, ஐம்பத்தைந்துக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுப்பது சர்க்காரேதான். உரிமை கொடுத்தவர்கள் அந்த உரிமைக்கேற்ற சாலையையும் கொடுக்க வேண்டும். கிராமத்தில் பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன வீடுகளில் உரமூட்டையை யார் கொண்டுவருவார்? ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போவார்?

வயோதிகருக்கு எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் தெளிய நேரம் பிடிக்கிறது. எதிரே வரும் வண்டியின் வேகத்தை மதிப்பிடுவது கடினம். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் கஷ்டம். ஆகவே வலப்புறம் திரும்பும் சந்திப்புகளே அவர்களுக்கு எமவாசல். சந்திப்பில் ஒரு சிறு வட்டம் அமைத்தால் எல்லா வண்டிகளும் வேகம் குறைந்தே தீரும். ஒரு பக்கத்தை மட்டும் கவனித்தால் போதும். சாலை நடுவே ஆள் நிற்கத் திட்டு ஒன்று இருந்தால், பாட்டி ஒரே மூச்சில் கடக்க வேண்டியதில்லை. பாதி பாதியாகக் கடப்பாள்.

சைக்கிள்காரரின் துன்பம் வேறு. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. ஓரத்து மண்ணோ மழையில் கரைந்து தாழ்கிறது. பின்னால் பஸ் ஒலியெழுப்பினால் அவர் அந்தப் படியிலிருந்து கீழே இறங்க வேண்டும். இளைஞன் சமாளிப்பான், முதியவர் விழுவார், இடுப்பு முறியும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஓரத்தையும் சமமாக உயர்த்த வேண்டுமென்பது பெரிய சாஸ்திரமல்ல. வேகத்தடையையும் சொல்லாமல் விட முடியாது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். முன்கூட்டி அறிவிப்பும் வெள்ளைக் கோடும் வேண்டும். கிராமாந்தரங்களில் காணும் தடைகள் பல, ஒரே இரவில் முளைத்த கரும்பாறைகள். இருட்டில் அவற்றின்மேல் ஏறும் வயோதிகரைத் தூக்கி எறிவதே அவை செய்யும் உபகாரம்.

பரிகாரம் அறியாத விஷயமல்ல இது. சிங்கப்பூரில் 2009 முதல், முதியவர் தமக்குரிய கார்டைக் கம்பத்தில் காட்டினால் கடக்கும் நேரம் சில நொடிகள் நீளுகிறது. 2014 முதல் முதியோர் மிகுந்த வட்டாரங்களில் சாலையையே குறுக்கி வளைத்து, வேகத்தை அடக்கியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நமது ஜில்லாவின் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவருக்கென நடைபாதையும் விளக்கும் உண்டு. பௌர்ணமிக்குச் செய்யத் தெரிந்ததை மற்ற நாட்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் செய்யத் தெரியாதா? அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சையை 2021-ல் ஏற்படுத்திய சர்க்காரைப் பாராட்டுகிறோம். அடிபடாமல் காப்பது அதைவிடச் செலவு குறைவு.

சட்டத்தின் நிலை நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு வைத்தியர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் ஜீவாதார உரிமையில் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 மே 14-ந் தேதி கூறியது. அதே வருஷம் அக்டோபரில், நடப்போர் சம்பந்தமாக ஆறு மாதத்துக்குள் விதிகள் செய்யும்படி ராஜ்யங்களுக்கு உத்தரவிட்டது. நடைபாதைத் தணிக்கைக்கு ஐம்பது நகரங்கள் குறிக்கப்பட்டன. கலசப்பாக்கம் நகரமல்ல, ஆகையால் கிராமத்தார் தங்கள் தணிக்கையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

அதற்கு ஓர் ஆயுதம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198-ஏ பிரிவின்படி, விதித்த தரத்தில் சாலையை அமைக்காததாலோ பராமரிக்காததாலோ மரணமோ அங்க ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை அற்பந்தான். ஆனால் கோர்ட்டார் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று முக்கியமானது: அந்த இடம் ஆபத்தானதென்று அதிகாரிக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டுமா என்பது. கிராம சபை வருஷத்தில் ஆறு முறை கூடுகிறது. பஸ் நிற்கும் இடம், திருப்பம், விளக்கில்லாத பாலம், வர்ணமில்லாத வேகத்தடை ஆகிய ஒவ்வொன்றையும் இடம் குறித்துத் தீர்மானமாக நிறைவேற்றி, தேதியுடன் நெடுஞ்சாலை இலாகாவுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு, "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த இஞ்சினீயரும் கோர்ட்டில் சொல்ல முடியாது. அடுத்த சபைக் கூட்டத்துக்கு முன், ஊரிலுள்ள எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, அவர் நடையிலேயே சாலையை ஒருமுறை கடந்து பார்த்து, ஆகும் நொடிகளை எழுதிக்கொண்டு போவது நல்லது.