சுண்டு விரல் அகலம்

அலுவலகத்திற்கும் அங்காடிக்கும் இடையே ஓடும் நம் போன்றோர்க்குப் பேரண்டத்தின் வயதைப் பற்றிய சிந்தனை வேண்டாத ஒன்று என்றே எண்ணியிருந்தோம். சென்ற கோடையில் நம் தந்தையார் ஊரில் தமது 72-ஆம் வயதில் காலமானார். கருமங்களை முடித்து டில்லி திரும்பிய சில நாட்களில், பாடம் படித்துக்கொண்டிருந்த நம் மகள் கேட்டாள்: "உலகம் தோன்றி 1,380 கோடி ஆண்டு ஆகிறதாமே, அப்பா! தாத்தா 72 ஆண்டுதானே இருந்தார்? அது எந்தக் கணக்கில் சேரும்?" உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

1,380 கோடி என்பது கற்பனை எண் அன்று. விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதை 1929-இல் எட்வின் ஹப்பிள் எடுத்துக்காட்டினார். இன்று விலகுவன முன்னொரு காலத்தில் நெருங்கி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அத்தொடக்க காலத்து ஒளியின் எச்சம் வானெங்கும் பரவியிருப்பது 1965-இல் வெளியாயிற்று. 2009-இல் ஏவப்பெற்ற பிளாங்க் விண்கலம் அவ்வெச்சத்தை நுட்பமாக அளந்தது. அதனால் இவ்வயது மேலும் உறுதிப்பட்டது.

இவ்வளவு பெரிய எண் மனத்தில் பதிவதற்கு, நாள்தோறும் பயணச்சீட்டு எழுதிப் பழகிய வழியையே அளவுகோலாகக் கொண்டோம். சென்னையிலிருந்து புது டில்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். சென்னையில் வண்டி புறப்படுவது பேரண்டத்தின் தோற்றம். டில்லியில் வந்து நிற்பது இன்றைய நாள் என்று கொள்வோம். அவ்வாறாயின் ஒரு கிலோமீட்டர் 63 லட்சம் ஆண்டுகளாகும். தமிழகமும் ஆந்திரமும் தெலங்கானாவும் கடந்து, வண்டி போபாலை நெருங்கும்போதுதான் நம் பூமி பிறக்கிறது. டைனோசர்கள் அழிவதோ டில்லிக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கையில். மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகள் கடைசி இரண்டு பெட்டிகளின் நீளத்திற்குள் அடங்கிவிடுகின்றன. சங்கப் பாடல்கள் தோன்றிய காலம் முதல் இன்று வரை ஏறத்தாழ ஓரடி. நம் தந்தையாரின் 72 ஆண்டுகள் ஒரு சுண்டு விரல் அகலம்.

கணக்கை முடித்தபோது முதலில் நெஞ்சம் சோர்ந்தது உண்மையே. ஆயினும் அக்கணக்கையே மீண்டும் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. அந்த ஓரடித் தமிழ் தானாக நீண்டதன்று. ஏறத்தாழ இருபத்தெட்டுச் சுண்டு விரல் அகலங்கள், ஒன்று முடியுமுன் அடுத்தது தொட்டுக்கொள்ள, வரிசையாக அமைந்ததனாலேயே அது நம் கைக்கு வந்திருக்கிறது.

வானிலும் இதுவே முறைபோலும். தண்டவாளத்தின் இரும்பும் நம் குருதியிலுள்ள இரும்பும் விண்மீன்களில் உருவாகி, அவை வெடித்துச் சிதறியபோது பரவியவை. விண்மீன்களின் இறுதியை ஆராய்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், இரயில்வே கணக்குத் தணிக்கைப் பணியிலிருந்த தமிழர் ஒருவரின் மகனாக 1910-இல் லாகூரில் பிறந்தவர். எரிந்து தீர்ந்து சுருங்கிய விண்மீன், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டால் அந்நிலையில் நிலைத்திருக்க இயலாது என்று, 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் தம் 19-ஆம் வயதில் அவர் கணித்தார். நோபல் பரிசு 1983-இல் வந்தது. வாழ்நாள் குறுகியதே எனினும், அதில் செய்த வேலை வீணாவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரு மாலை மகளை அருகில் அமர்த்தி, தந்தையார் கடைசியாக எழுதிய கடிதத்தை அவளிடம் கொடுத்தோம். எழுத்துக்கூட்டி முழுவதையும் அவளே படித்தாள். டில்லியில் பிறந்த அவளுக்கு, விடுமுறை தோறும் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, விரல் பிடித்து எழுத்தறிவித்தவர் அவளுடைய தாத்தா. "தாத்தா எந்தக் கணக்கில் சேர்வார் என்று கேட்டாயே, அம்மா! இப்போது நீ படித்தாயே, அந்தக் கணக்கில்தான்" என்றோம்.

பேரண்டத்தின் நோக்கம் யாது என்று கூறும் தகுதி நமக்கில்லை. நமக்கு வாய்த்த விரல் அகலத்தை முன்னதோடும் பின்னதோடும் பொருந்தச் செய்வதே நம்மால் ஆவது. மகள் தன் பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறாள். பிழைகள் உண்டு; நாம் திருத்தவில்லை.