குறுவட்டத்தின் சராசரி

நுழையும்முன்

பல ஊர்களில் தனித்தனியே எழுதப்பெற்ற கணக்குகளை ஒன்றுதிரட்டி ஓர் எண்ணாகச் சுருக்குவது இன்று கணினியின் அன்றாடப் பணி. இழப்பீடும் நிவாரணமும் அவ்வோர் எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. எதனை எதனோடு கூட்டவேண்டும், எங்கே கோடு கிழித்துப் பிரிக்கவேண்டும் என்பதைக் கணினி தானாக அறியாது; ஒருவர் அதற்குச் சொல்லவேண்டும். அவ்வாறு சொல்வது எத்தகைய பொறுப்பு என்பதைக் கரிசல் நிலத்துப் பயிர்க்கணக்கின் வழியாக இப்பாடம் விளக்குகிறது.

வானம் பார்த்த பூமி

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மழையை நம்பி வாழும் நிலப்பகுதிகள். குண்டாறு திருச்சுழியைத் தொட்டுச் சென்றாலும் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே தெரியும். கண்மாய்ப் பாசனம் உள்ள இடங்களில் நெல் விளையும். மற்ற இடங்களில் மானாவாரியாக மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, குதிரைவாலி, கொத்தமல்லி ஆகியவை பயிராகின்றன. புரட்டாசியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருப்பது இங்குள்ள உழவர்களின் மரபு. அம்மழையும் எல்லா ஊர்களிலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. பந்தல்குடியில் நல்ல மழை பெய்த நாளில் பரளச்சியில் தூறல்கூட இல்லாமற்போகலாம். நரிக்குடியில் கதிர் பிடித்த பயிர், வீரசோழனில் பூக்கும் முன்னரே காயலாம். பருவமழை சீரற்றதாக இருக்கும் நிலத்தில் ஒரே எண்ணால் பல ஊர்களைக் குறிப்பது எளிதன்று. இவ்வுண்மையை மனத்தில் கொண்டால் பின்வரும் செய்திகள் விளங்கும்.

அடங்கலும் அட்டவணையும்

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் கிராம நிருவாக அலுவலர் பேணும் கணக்குகளுள் இரண்டாம் எண் கணக்கு அடங்கல் எனப்படும். புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டா எண், பயிரின் பெயர், பாசன வசதி முதலியவை அதில் தனித்தனிப் பத்திகளில் இடம்பெறும். சூலை முதல் நாளில் தொடங்கி மறு ஆண்டு சூன் இறுதியில் முடியும் பசலி ஆண்டே இக்கணக்கின் ஆண்டு. கணினியியலார் நெடுவரிசை, கிடைவரிசை, அட்டவணை என்று குறிப்பவற்றைக் கிராமக் கணக்கர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளனர். எட்கர் காட் என்னும் கணினி அறிஞர் 1970 ஆம் ஆண்டில் உறவுசார் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். தரவை அட்டவணைகளாக அமைத்து, அவற்றை முறையான வினவல்களால் கையாளலாம் என்பது அதன் சாரம். அடங்கலைக் கண்ட ஒருவருக்கு அக்கோட்பாட்டின் முதற்பாதி புதிதாகத் தோன்றாது.

இரண்டாம் பாதிதான் புதிது. ஓர் ஊரின் அடங்கலில் நூற்றுக்கணக்கான கிடைவரிசைகள் இருக்கும். வட்டம் முழுவதற்கும் எடுத்தால் அவை பல்லாயிரமாகும். அத்தனை வரிசைகளிலிருந்து சில எண்களைப் பிழிந்தெடுக்கும் செயலுக்குத் திரட்டல் என்று பெயர். தரவு ஒருங்கிணைப்பு மென்பொருள்களில் இதற்கெனவே ஓர் உறுப்பு உண்டு. டாலெண்ட், பென்டஹோ போன்ற மென்பொருள்களில் அதனைத் திரையில் ஒரு சிறு பெட்டியாகக் காணலாம். ஒரு பக்கம் அட்டவணை உள்ளே நுழையும். மறுபக்கம் சுருங்கிய அட்டவணை வெளிவரும். இப்பாடத்தில் அவ்வுறுப்பைத் 'திரட்டி' என அழைப்போம்.

திரட்டியிடம் நாம் இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டும். எந்த நெடுவரிசையின்படி வரிசைகளைக் குழுவாகப் பிரிப்பது என்பது முதலாவது. ஒவ்வொரு குழுவிலும் எந்த நெடுவரிசையின்மீது எந்தக் கணக்கைச் செய்து, விடையை எந்தப் பெயரில் எழுதுவது என்பது இரண்டாவது. கூட்டுத்தொகை, எண்ணிக்கை, சராசரி, பெரும மதிப்பு, சிறும மதிப்பு ஆகியவை பொதுவான கணக்குகள். அமைக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவு ஓர் ஊரின் ஆண்டுப் பலனையே மாற்றக்கூடும்.

கோடு கிழிக்கும் இடம்

பயிர்க் காப்பீட்டில் ஒவ்வொரு வயலையும் நேரில் ஆய்ந்து இழப்பை மதிப்பிடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது, செலவும் மிகுதி. ஆகவே ஒரு பரப்பை அலகாகக் கொண்டு, அப்பரப்பின் சராசரி விளைச்சல் குறைந்தால் அங்குள்ள காப்பீடு செய்த உழவர் அனைவருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு வழங்கலாம் என்ற கருத்து எழுந்தது. பொருளியல் அறிஞர் வி. எம். தாண்டேகர் 1976 இல் இதனை வலியுறுத்தினார். அதற்கும் முன்னர், 1920 ஆம் ஆண்டிலேயே மைசூரைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி மழையளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டுத் திட்டமொன்றை நூலாக எழுதினார் என்பது வியப்புக்குரியது. 1985 ஆம் ஆண்டின் திட்டமும், 1999 இல் வந்த தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டமும், 2016 இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் இப்பரப்பு முறையையே அடித்தளமாகக் கொண்டன. இப்போதைய திட்டத்தில் முதன்மைப் பயிர்களுக்குக் கிராமம் அல்லது ஊராட்சி அலகாகும். பிற பயிர்களுக்குக் குறுவட்டம் போன்ற பெரிய அலகும் அமையலாம். குறுவட்டம் என்பது பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தது. 'பிர்க்கா' என்று மக்கள் வழங்குவர்.

அலகின் விளைச்சலை அறியப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தப்பெறும். குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்து, அதற்குள் ஒரு துண்டைக் குறித்து, அதில் விளைந்ததை அறுத்து எடை பார்ப்பர். நெல்லுக்கு அத்துண்டு 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர். அங்கே 10 கிலோ நெல் கிடைத்தால், 400 ஆல் பெருக்கி எக்டேருக்கு 4,000 கிலோ எனக் கொள்வர். ஓர் ஊராட்சி அலகுக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள், குறுவட்டத்துக்குப் பத்து என்பது திட்டத்தின் நெறி. இவற்றின் சராசரி, உத்தரவாத மகசூலைவிட எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் இழப்பீடு கிடைக்கும்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு குறுவட்டத்தில் நான்கு ஊர்கள் எனக் கொள்வோம். எக்டேருக்கு மக்காச்சோள விளைச்சல் முதல் ஊரில் 3,000 கிலோ, இரண்டாம் ஊரில் 2,700, மூன்றாம் ஊரில் 2,400, மழை பொய்த்த நான்காம் ஊரில் 300. உத்தரவாத மகசூல் எல்லா ஊர்களுக்கும் 2,000 கிலோ என்க. திரட்டியில் குழு நெடுவரிசையாகக் 'குறுவட்டம்' என்பதைத் தேர்ந்தால் நான்கின் சராசரி 2,100 கிலோ. குறைவு இல்லை, ஒருவருக்கும் இழப்பீடு இல்லை. குழு நெடுவரிசையைக் 'கிராமம்' என மாற்றினால் நான்காம் ஊரின் குறைவு 1,700 கிலோ, அதாவது 85 விழுக்காடு. ஏக்கருக்கு 20,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்திருந்தால் ஏக்கருக்கு 17,000 ரூபாய் கிடைக்கும். தரவு மாறவில்லை, கூட்டல் பிழையும் இல்லை. கோடு கிழித்த இடம் ஒன்றே மாறியது.

அவ்வாறாயின் எப்போதும் சிறிய அலகே நன்றோ எனக் கேட்கலாம். அலகு சிறுத்தால் பரிசோதனைகளின் எண்ணிக்கை பெருகும். ஆள்வலுவும் செலவும் பெருகும். பரிசோதனை குறைந்தால், நான்கு வயல்களில் ஒன்று தற்செயலாக நன்றாகவோ தீதாகவோ இருப்பதே ஊரின் விதியாகிவிடும். ஆயினும் மானாவாரி நிலத்தில், மழை ஊருக்கு ஊர் வேறுபடும்போது, பெரிய அலகின் சராசரி உண்மையை மறைக்கும் வாய்ப்பே மிகுதி.

எந்தச் சராசரி?

மேற்கண்ட 2,100 என்பது ஊர்களை ஒன்றுக்கொன்று சமமாக வைத்துக் கண்ட சராசரி. சாகுபடிப் பரப்பு முறையே 100, 200, 300, 400 எக்டேர் எனில் மொத்த விளைச்சல் 16,80,000 கிலோ. பரப்பு 1,000 எக்டேர். எனவே பரப்பால் எடையிட்ட சராசரி 1,680 கிலோவே ஆகும். இப்போது குறுவட்டம் முழுவதும் 16 விழுக்காடு குறைவு தெரிகிறது. ஏக்கருக்கு 3,200 ரூபாய் வரும். திரட்டியில் 'சராசரி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் எந்தச் சராசரி என்று விதியைப் படித்து அறிந்திருக்கவேண்டும். எடையிட்ட சராசரி வேண்டுமெனில் விளைச்சலையும் பரப்பையும் தனித்தனியே கூட்டி, பின்னர் வகுக்குமாறு அமைக்கவேண்டும்.

எல்லா நெடுவரிசைக்கும் எல்லாக் கணக்கும் பொருந்தா. பரப்பைக் கூட்டலாம். எக்டேருக்கு இத்தனை கிலோ என்னும் விகிதத்தைக் கூட்டினால் பொருளில்லை. ஒரு மழைமானியின் நாள் அளவுகளைக் கூட்டி மாத மழை காணலாம். ஆனால் ஐந்து மழைமானிகளின் மாத அளவுகளைக் கூட்டி 'வட்டத்தின் மழை' என்று சொன்னால் பாலையும் சோலையாகிவிடும். புல எண்ணும் ஓர் எண்தான். அதையும் கூட்டச் சொன்னால் கணினி தயங்காமல் கூட்டித் தரும்.

வெற்றிடமும் பூச்சியமும்

திரட்டலில் மிக நுட்பமான இடம் இதுவே. ஓர் ஊரில் நான்கு பரிசோதனைகள் திட்டமிடப்பெற்றன. மூன்றின் விடைகள் 2,800, 2,400, 2,000. நான்காவது கட்டம் வெறுமையாக உள்ளது. வெற்றிடத்தை விலக்கினால் சராசரி 2,400. அதனைப் பூச்சியமாகக் கொண்டால் 1,800. உத்தரவாத மகசூல் 2,000 எனில் முதற்கணக்கில் இழப்பீடு இல்லை. இரண்டாம் கணக்கில் உண்டு. தரவுத்தள வினவல் மொழியான எஸ்.கியூ.எல்., சராசரி காணும்போது வெற்று மதிப்புகளை விலக்கிவிடும். டாலெண்டின் திரட்டியில் வெற்று மதிப்பைப் புறக்கணிக்கவேண்டுமா என்பதற்கு ஒரு தேர்வுக்குறி இடமே உண்டு.

சரியான விடை எது? அதனை வயல்தான் சொல்லவேண்டும். பரிசோதனையே நடவாமையால் கட்டம் வெறுமையாயின் விலக்குவது முறை. பயிர் முற்றும் கருகி, அறுக்க ஒன்றும் இல்லாமையால் வெறுமையாக விட்டிருந்தால், அது பூச்சியம். அதனை விலக்குவது அவ்வூரின் பேரிழப்பையே கணக்கிலிருந்து அழிப்பதாகும். கணினிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே படிவத்திலேயே 'நடக்கவில்லை', 'விளைச்சல் இல்லை' என இரண்டையும் வேறுபடுத்தும் தனி நெடுவரிசை அமையவேண்டும். வயலில் எழுதத் தவறியதைத் திரட்டியால் மீட்க இயலாது.

திரட்டுவதற்கு முன்

தரவைத் தூய்மை செய்யாமல் திரட்டிக்கு அனுப்புவது கல் நீக்காத அரிசியை உலையில் இடுவதற்கு ஒப்பாகும். நம் பட்டாக்களில் பரப்பு எக்டேர், ஏர் என இரு பகுதியாக, '0 - 40.50' என்ற வடிவில் இருக்கும். மனிதர் அதனை நாற்பதரை ஏர் எனப் படிப்பர். கணினிக்கோ அது எண்ணன்று, வெறும் எழுத்துத்தொடர். அதனைப் பிரித்து, 0.405 எக்டேர் என மாற்றிய பின்னரே கூட்டமுடியும்.

ஊர்ப்பெயரால் குழுவாக்கினால் மற்றொரு சிக்கல். 'அருப்புக்கோட்டை' என ஒருவரும் 'அருப்புகோட்டை' என மற்றொருவரும் எழுதியிருந்தால் கணினி அவற்றை இரண்டு ஊர்களாகவே கொள்ளும். ஒற்று மிகுமா மிகாதா என்ற இலக்கணக் கேள்விக்கு இத்தகைய விளைவும் உண்டு! நடுவண் அரசின் உள்ளாட்சி அமைப்புகள் விவரத்தொகுப்பில் ஒவ்வோர் ஊருக்கும் தனிக் குறியெண் தரப்பட்டுள்ளது. பெயரை விடுத்து அக்குறியெண்ணால் குழுவாக்குவதே தக்கது. பென்டஹோவில் ஒருவகைத் திரட்டி, வரிசைகள் முன்கூட்டியே குழுவின்படி அடுக்கப்பட்டிருக்கும் என எதிர்பார்க்கும்; அடுக்காமல் அனுப்பினால் ஒரே ஊர் பல வரிசைகளாகச் சிதறி வெளிவரும்.

கூட்டுப் பட்டாவும் கவனத்துக்குரியது. 1.20 எக்டேருக்கு மூன்று உடன்பிறந்தோர் பெயரில் ஒரே பட்டா இருப்பதாகக் கொள்வோம். உழவர் பட்டியலையும் பட்டாப் பட்டியலையும் இணைத்தால் அந்நிலம் மூன்று வரிசைகளில் வரும், கூட்டினால் 3.60 எக்டேர் ஆகிவிடும். இணைப்பதற்கு முன்னரே பரப்பைத் திரட்டிவிட்டால் இத்தவறு நேராது. ஆண்டையும் அவ்வாறே ஆராயவேண்டும். அக்டோபரில் முளைத்து மறு ஆண்டு சனவரியில் அறுவடையாகும் பயிரை ஆங்கில ஆண்டால் குழுவாக்கினால், விதைப்பு ஓர் ஆண்டிலும் விளைச்சல் மற்றோர் ஆண்டிலும் விழும். பசலி ஆண்டை நெடுவரிசையாகக் கொண்டால் ஒரு பருவம் ஒரே குழுவில் அமையும்.

திரட்டி தரும் வெளியீட்டு அட்டவணையில் சராசரி மட்டும் இருந்தால் அதனைக் கொண்டு மேல்நிலைக் கணக்குகளைச் செய்ய இயலாது. கிராமங்களின் சராசரிகளை மீண்டும் சராசரி கண்டால் குறுவட்டத்தின் உண்மை விளைச்சல் கிடைக்காது என்பதை முன்னரே கண்டோம். ஆகவே கூட்டுத்தொகை, பரப்பு, நடந்த பரிசோதனைகளின் எண்ணிக்கை, வெற்றிடங்களின் எண்ணிக்கை, மிகக் குறைந்த விளைச்சல் ஆகிய ஐந்தையும் சராசரியோடு சேர்த்து எழுதுமாறு திரட்டியை அமைக்கலாம். அப்போது நாம் கண்ட குறுவட்டத்தின் வரிசையில் 2,100 என்னும் எண்ணுக்கு அருகிலேயே 300 என்னும் எண்ணும் நிற்கும். அதைக் காணும் அலுவலர் அது எந்த ஊர் என்று கேட்பார். அதற்கு விடை சொல்ல, திரட்டுவதற்கு முந்தைய அட்டவணையும் அழிக்கப்படாமல் இருக்கவேண்டும்.