பத்தமடைப் பாயும் கைப்பேசியும்

டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்றதும் பெரிய கம்பெனி வேலைன்னு பயப்படாதீங்க, தோழிகளே! எங்க அத்தை பத்தமடையில் கோரைப்பாய் நெய்றாங்க. ஒரு பட்டுப்பாய் முடிய வாரக்கணக்காகும். ஆனால் வியாபாரி சொல்றதுதான் விலை.

வாங்குகிறவருக்கு மெஷின் பாயும் கைப்பாயும் போட்டோவில் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் கோரையை ஆற்றில் ஊறப்போடுவது, மெல்லிசாகக் கிழிப்பது, நெய்வது எல்லாத்தையும் சின்ன வீடியோவாகக் காட்டணும். நீளம், அகலம், விலை, தபால் செலவு தெளிவாகச் சொல்லணும். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதை இலவசமாகவே பட்டியல் போடலாம்.

2016-ல் தொடங்கிய யுபிஐ மூலம் பணம் நேராக அத்தை கணக்குக்கே வரும். ஒன்று மட்டும் கவனம்: பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் உடனே போனை வெச்சிடுங்க!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி