புழு வார்க்கும் பானை

1949இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் மீன் தூண்டிலுக்கு இரையாக வினைல் பிளாஸ்டிக்கில் ஒரு மண்புழுவை வார்த்தெடுத்தார். அதுவரை செயற்கை இரை என்றால் பெரும்பாலும் மரம், உலோகம், கெட்டி ரப்பர். கடித்தது கெட்டியாக இருந்தால் மீன் சட்டென்று துப்பிவிடும். மெத்தென்று இருந்தால் கொஞ்சம் நேரம் வாயில் வைத்திருக்கும். தூண்டிலைச் சுண்டி இழுக்க அந்த நேரம் போதும். இன்று அமெரிக்க ஏரிகளில் ‘பாஸ்’ மீன் பிடிப்பவர்களின் பெட்டிகளில் இந்த மென்புழுக்கள் நிறைந்து கிடக்கின்றன. கடையில் வாங்காமல் வீட்டிலேயே வார்த்துக்கொள்பவர்களும் அங்கே நிறைய உண்டு. அவர்கள் தாங்களே செய்துகொள்ளும் கருவிதான் சூடேற்றும் வார்ப்புப் பானை.

புழுவுக்கான மூலப்பொருளின் பெயர் பிளாஸ்டிசால். தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசியின் நுண்துகள்கள், இளக்கி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து மிதக்கும் பால்நிறக் குழம்பு அது. சூடேற ஆரம்பித்ததும் அது இளகாது, இறுகும். மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சும்போது மாவுத்துகள் தண்ணீரைக் குடித்து ஊதுகிறதல்லவா, அதுபோல பிவிசித் துகள் இளக்கியைக் குடித்து உப்பும். குழம்பு கட்டிகட்டியாகத் திரளும். முதன்முறை பார்ப்பவர், கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். சூட்டை விடாமல் ஏற்றினால் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸில் கட்டிகள் கரைந்து, முழுக் கலவையும் கண்ணாடி போலத் தெளிந்து ஓடும். வார்க்க வேண்டிய பக்குவம் அதுதான். 200 டிகிரியைத் தாண்ட விட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, கருகும். பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறும். மூக்கையும் நுரையீரலையும் அரிக்கும் வாயு அது. ஆக, பானை எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எந்தச் சூட்டில் நிற்கிறது என்பதே முக்கியம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கண்ணாடிக் குவளையில் ஊற்றி மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்குவார்கள். நாலைந்து புழுவுக்கு அது சரி. அதற்குமேல் வார்த்தால் குவளை ஆறிக்கொண்டே வரும், திரும்பத் திரும்பச் சுட வேண்டும், ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் மங்கும். இதைத் தவிர்க்கத்தான் அலுமினிய மின்சமையல் பாத்திரத்தின் அடியில் துளையிட்டு வால்வு பொருத்துகிறார்கள். மேலிருந்து சாய்த்து ஊற்றினால் காற்றுபட்டு உறைந்த ஆடையும் மிதந்து வந்த குமிழ்களும் அச்சுக்குள் போய்விடும். அடியிலிருந்து திறந்தால் தெளிந்த திரவம் மட்டும் இறங்கும்.

அந்த வால்வுதான் பலரையும் திணற அடிக்கும் இடம். பானைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அது ஆறிப்போய், உள்ளே பிளாஸ்டிக் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதற்கென்று தனியாக ஒரு சிறு ஹீட்டர் வைத்தாலொழிய வேலை ஓடாது.

அடுத்த சிக்கல் உப்பு. புழு விரைவாக மூழ்குவதற்காக நன்றாகப் பொடித்த உப்பைக் கலப்பது வழக்கம். கேரி யமமோட்டோவின் புகழ்பெற்ற ‘சென்கோ’ புழு, உடலில் உள்ள உப்பின் கனத்தால்தான் மெல்ல அதிர்ந்தபடி இறங்குகிறது. அதே உப்பு பானையின் அடியில் படிந்து வால்வையும் அடைக்கும். இதற்காகவே மேலே ஒரு சிறு மோட்டாரைப் பூட்டித் துடுப்பை ஓயாமல் சுழல விடுகிறார்கள். பிளாஸ்டிசால் வெப்பத்தை எளிதில் கடத்தாது. கிளறாமல் விட்டால் நடுப்பகுதி பக்குவத்துக்கு வருவதற்குள் சுவரோரம் கருகிவிடும் என்பதாலும் துடுப்பு வேண்டும். வேகமாகச் சுழன்றால் காற்றை உள்ளிழுத்துக் குமிழாக்கும். மெதுவாகச் சுழல்வதே நல்லது.

சமையல் பாத்திரத்தின் தெர்மோஸ்டாட் இந்த வேலைக்குப் போதாது என்பது என் கருத்து. குறித்த சூட்டைத் தாண்டிய பிறகு அணைத்து, நன்றாகக் குறைந்த பிறகு போடும். சோற்றுக்கு அந்த ஏற்ற இறக்கம் பொருட்டில்லை. பிவிசிக்கு அது கருகல். விவரம் தெரிந்தவர்கள் திரவத்துக்குள்ளேயே வெப்ப உணரியை இறக்கி, ‘பிஐடி’ எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைக்கிறார்கள். குறியை நெருங்கும்போதே மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்து, சூட்டை அங்கேயே நிறுத்தும் கருவி அது. அதோடு வரும், ஹீட்டருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு ரிலே பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. பானை தன்பாட்டுக்குச் சூடேறிக்கொண்டே போகாமல் தடுக்க, தனியே இயங்கும் இரண்டாவது வெட்டுச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

ஈரம் இங்கே பெரும் பகை. பிளாஸ்டர் அச்சில் மிஞ்சிய ஒரு சொட்டு நீர் போதும். 175 டிகிரித் திரவம் பட்டதும் நொடியில் ஆவியாகிப் பிளாஸ்டிக்கை முகத்தில் தெறிக்க வைக்கும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சுடும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, நீளக்கைச் சட்டை, அமில வாயுவைத் தடுக்கும் முகமூடி, காற்றை வெளியே இழுக்கும் விசிறி இவை எதையும் விட்டுவிட்டு இந்த வேலையில் இறங்கக் கூடாது. இதற்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் வரவே கூடாது. ஈயம் உருக்கிய பானையையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒருமுறை வார்த்த புழு மறுபடி உருகும். மீன் கடித்துப் பிய்ந்தவற்றை ஏரியில் வீசினால் மக்காமல் கிடக்கும். மீன்கள் விழுங்கி வயிற்றில் தேக்கிக்கொள்ளும். அவற்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நிறவாரியாகப் பிரித்து, கழுவி, நன்றாக உலர்த்திப் பானையில் போட்டால் புதுப் புழு கிடைக்கும்.