கையில் விசா இருக்கிறது; அது எந்த விசா?

"விசா வந்து விட்டது!"

தரகர் செல்போனில் இந்தச் செய்தியைச் சொன்னதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அம்மா, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறாள். மனைவி, அடகு வைத்த வளையலை எத்தனை மாதத்தில் மீட்கலாம் என்று விரல் விட்டு எண்ணுகிறாள். வாலிபரோ பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் புறப்பட்டு விடுகிறார்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் யாரும் செய்வதில்லை. வந்த விசாவைப் படித்துப் பார்ப்பதில்லை!

படித்துப் பார்த்தால் சில சமயம் தூக்கி வாரிப் போடும். கம்பெனி வேலை என்று சொல்லிப் பணம் வாங்கியிருப்பார்கள். விசாவில் "விசிட்" என்று இருக்கும். ஓட்டலில் கேஷியர் வேலை என்று சொல்லியிருப்பார்கள். விசாவில் "வீட்டு வேலைக்காரர்" என்றோ, "ஆடு மேய்ப்பவர்" என்றோ அரபு எழுத்தில் இருக்கும்.

பாஸ்போர்ட் நம் நாடு கொடுப்பது. "இவர் எங்கள் நாட்டுக்காரர்" என்பதற்கு அது அத்தாட்சி. விசா, நாம் போகிற நாடு கொடுப்பது. "இவர் இன்ன காரியத்துக்காக, இத்தனை நாள் வரலாம்" என்பது அதன் பொருள். இந்த "இன்ன காரியம்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுற்றிப் பார்க்க என்று அனுமதி பெற்றவர் சுற்றித்தான் பார்க்கலாம். தட்டுக் கழுவினாலும் குற்றம்; தராசு பிடித்தாலும் குற்றம்.

"அங்கே போனதும் மாற்றிக் கொள்ளலாம்"

விசிட் விசாவைக் கையில் கொடுக்கும் தரகர் சொல்லும் வழக்கமான வார்த்தை இது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள்.

துபாய், அபுதாபி அடங்கிய ஐக்கிய அரபு நாடுகளில், வேலை கொடுக்கும் கம்பெனி முறைப்படி பெர்மிட் வாங்கினால், விசிட்டில் வந்தவர் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற வழி உண்டு. ஆனால் பெர்மிட் கைக்கு வருமுன் ஒரு நாள் வேலை செய்தாலும் சட்ட விரோதம். வேலையும் தராமல், விசாவையும் மாற்றாமல் இழுத்தடித்தால் நாள் ஓடி விடும். கெடு தாண்டி விட்டால் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். ஒரு மாதம் போனால் 1,500 திர்ஹாம்! சம்பாதிக்கப் போனவர் கடன்காரர் ஆகி நிற்பார்.

மலேசியாவில் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. அங்கே தொழிலாளியாகப் போகிறவருக்கு, அங்குள்ள முதலாளி முன்கூட்டியே அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். நம் ஊரில் இதைக் "காலிங் விசா" என்பார்கள். 2023 டிசம்பர் 1-ந் தேதி முதல், இந்தியர்கள் சுற்றிப் பார்க்க விசா இல்லாமலே 30 நாள் வந்து போகலாம் என்று மலேசியா அறிவித்தது. இது தரகர்களுக்குக் கொழுத்த வேட்டையாகி விட்டது. "விசாவே வேண்டாம், டிக்கெட் மட்டும் போதும்" என்று ஆளை ஏற்றி விடுகிறார்கள். தங்கும் நாள் தாண்டிப் பிடிபட்டால் 10 ஆயிரம் வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது.

தாய்லாந்து கதை இதைவிடப் பயங்கரம். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி, சுற்றுலாப் பயணியாக பாங்காக்கில் இறங்கிய வாலிபர்களை எல்லை தாண்டி மியான்மரில் உள்ள மியாவாடிக்குக் கடத்திப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வேலை, இணையத்தில் ஊரை ஏமாற்றும் வேலை! மறுத்தால் அடி. 2022-ல் இப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு வாலிபர்கள் மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியதாயிற்று.

வேலை விசாதான், ஆனால் எந்த வேலை?

விசிட் விசா என்றால் கண்ணுக்குத் தெரிந்து விடும். வேலை விசாவிலேயே வேறு வேலையைப் போட்டிருந்தால்? இதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது.

குவைத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே தங்கும் அனுமதிக்கு எண்கள் உண்டு. கம்பெனித் தொழிலாளிக்கு 18-ம் எண். வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், சமையல்காரர் ஆகியோருக்கு 20-ம் எண். "18" என்று பேசி "20" கொடுத்து விட்டால், அவர் அந்த ஒரு வீட்டு எஜமானருக்குக் கட்டுப்பட்டவர். வேறு இடத்தில் வேலை பார்த்தால் பிடித்துக் கொள்வார்கள். 20-லிருந்து 18-க்கு மாறுவது எளிதல்ல. 2024-ம் ஆண்டு ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை, சில நிபந்தனைகளுடன் மாறிக் கொள்ளலாம் என்று குவைத் அரசு தனியாக அறிவித்தது. அப்படித் தவணை கொடுத்து அறிவிக்கும் அளவுக்கு அது அரிதான காரியம்.

சவுதி அரேபியாவிலும் இதே விவகாரம்தான். வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் ஆகியோர் மற்றத் தொழிலாளிகளைப் போல அல்ல. 2021 மார்ச்சில் தொழிலாளி வேறு முதலாளியிடம் மாறிக் கொள்ள வசதி செய்து விதிகளைத் தளர்த்தினார்கள். இவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆகவே விசாவில் இருக்கும் ஒரு சொல், இரண்டு வருட வாழ்க்கையைத் தீர்மானித்து விடுகிறது. "சாயிக் காஸ்" என்றால் வீட்டு டிரைவர். "ஆமில் மன்சிலி" என்றால் வீட்டு வேலைக்காரர். "ராயி" என்று வந்தால் மேய்ப்பவர். அரபு படிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலிலோ இருப்பார். அவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தரகரையே படித்துக் காட்டச் சொல்லாதீர்கள்!

விசாவில் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா, வேலைக்கா விசிட்டுக்கா, என்ன வேலை, எந்தக் கம்பெனி, எத்தனை நாள். இவ்வளவுதான். காலேஜில் படிக்கும் பிள்ளை கால் மணி நேரத்தில் பார்த்துச் சொல்லி விடும்.

சர்க்கார் போட்டிருக்கும் வேலி

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டை "இ.சி.ஆர். பாஸ்போர்ட்" என்கிறார்கள். இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். 1983-ம் ஆண்டுச் சட்டம் இது. அந்த அதிகாரியின் அலுவலகம் ஒன்று சென்னையிலும் இருக்கிறது.

"எதற்கு இந்தத் தொந்தரவு?" என்று பலர் சலித்துக் கொள்கிறார்கள். தொந்தரவு அல்ல. அனுமதி கேட்கும்போது ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். சம்பளம் எவ்வளவு, வேலை என்ன என்பது பதிவாகி விடும். கூடவே ஒரு கட்டாய இன்ஷூரன்சும் உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்ச ரூபாய் குடும்பத்துக்கு வரும். விசிட் விசாவில் போகிறவருக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. அவர் சர்க்கார் கணக்கில் வேலைக்குப் போகவே இல்லை. ஊர் சுற்றப் போயிருக்கிறார்!

இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களுக்கு 30 வயது ஆகாவிட்டால் இந்த நாடுகளில் வீட்டு வேலைக்குப் போக அனுமதி இல்லை. அனுமதி கிடைக்காது என்பது தரகருக்குத் தெரியும். அதனால்தான் இளம் பெண்களை விசிட் விசாவில் அனுப்பப் பார்க்கிறார். இப்படி ஒருவர் வாசலில் வந்து நின்றால், வீட்டுப் பெரியவர்கள் அவரை உட்காரச் சொல்லவும் வேண்டியதில்லை.

தப்பான விசா வந்து விட்டது. என்ன செய்வது?

முதலில், விமானம் ஏறக் கூடாது. கஷ்டமான யோசனைதான். கடன் வாங்கிக் கொடுத்த பணம் போய் விடுமே என்று மனம் அடித்துக் கொள்ளும். ஆனால் இந்த மண்ணில் நிற்கிற வரையில் பணம் மட்டும்தான் பிரச்சினை. அங்கே போய் இறங்கினால் ஆளே பிரச்சினையில் இருப்பார்.

விசாவையும், பணம் கொடுத்த ரசீதையும், தரகர் அனுப்பிய செய்திகளையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். தரகர் அரசாங்கத்தில் பதிவு செய்தவர்தானா என்று "இ-மைகிரேட்" இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் ரூ.30 ஆயிரமும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். லட்சக் கணக்கில் கேட்டாலே சட்டத்தை மீறியவர் ஆகிறார். பதிவு இல்லாமல் ஆள் பிடித்து அனுப்பினால் 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆகவே போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தரகரைத் தேடுவதற்கு முன் அங்கே விசாரித்திருக்கலாமே என்று பலருக்குப் பிறகுதான் தோன்றுகிறது.

தரகர் இல்லாமலும் தவறு நேரும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பாட்டியின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். விண்ணப்பித்த அலுவலகத்துக்கே விண்ணப்ப நகலுடன் திரும்பிப் போய்க் காட்டினால் திருத்தித் தருவார்கள். நாமே பேனாவால் திருத்தினால் மட்டும் அது மோசடி ஆகி விடும். ஐரோப்பா போகும் குடும்பங்கள் "எத்தனை முறை நுழையலாம்" என்ற கட்டத்தைப் பார்க்கட்டும். ஒரு முறை மட்டும் என்று இருந்தால், பாரிசிலிருந்து லண்டன் போய் விட்டு மறுபடி பாரிசுக்குள் நுழைய முடியாது.

போய் இறங்கிய பிறகு தெரிந்தால்?

கெடு முடியும் நாளைக் குறித்துக் கொள்ள வேண்டும். வேலையில் கை வைக்கக் கூடாது. "மாற்றுகிறோம்" என்றால், எழுத்தில் கேட்க வேண்டும். துபாயில் வேலை உறுதிக் கடிதத்தை, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் கொடுக்க வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் விதி. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழில் படிக்காத தாளில் கையெழுத்துப் போட அவசியமே இல்லை.

கெடு முடிவதற்குள் மாறாவிட்டால், திரும்பி வந்து விடுவதே மேல். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக் கொண்டால் நேராக இந்தியத் தூதரகத்துக்குப் போகலாம். தூதரகம் விசாவை மாற்றித் தராது. அது அந்த நாட்டின் அதிகாரம். ஆனால் ஊர் திரும்ப அவசரப் பயணச் சான்று தரும். கையில் காசில்லாதவருக்கு டிக்கெட் எடுக்க 2009-ல் ஏற்படுத்திய நல நிதியும் தூதரகத்தில் இருக்கிறது.

வெளியே வர முடியாமல் அடைபட்டிருப்பவருக்காக ஊரில் உள்ளவர்கள் மனுச் செய்யலாம். வெளியுறவுத் துறையின் "மதாத்" இணையதளத்தில் பதிவு செய்யலாம். அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு எழுதலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறை தீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனுவில் பாஸ்போர்ட் எண், விசா நகல், போன தேதி, தங்கியிருக்கும் ஊர், முதலாளியின் பெயர், கடைசியாகப் பேசிய நாள் ஆகியவை இருக்க வேண்டும். கொடுத்ததும் மனு எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.