சம்பளமில்லாத அரசாங்கம்

முதலாம் எலிசபெத் இங்கிலாந்தை 1558 முதல் 1603 வரை ஆண்டார். முத்தும் சரிகையும் இழைத்த உடையில் ஓவியங்களில் நிற்கும் அவரைப் பார்த்தால், அவர் இட்ட கட்டளைக்கு நாடே ஆடியது என்றுதான் தோன்றும். ஆனால் அவரிடம் நிரந்தரப் படை இல்லை, போலீஸ் இல்லை, மாவட்டங்களில் வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் அநேகமாக இல்லை. 30 லட்சத்திலிருந்து 40 லட்சமாகப் பெருகிக்கொண்டிருந்த மக்களை அவர் எப்படித்தான் ஆண்டார்? மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்ற சமூக அடுக்கையே அவர் அரசாங்க இயந்திரமாக்கிக்கொண்டார் என்பது என் வாதம். அதற்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரியது.

அடுக்கின் உச்சியில் இருந்த பிரபுக் குடும்பங்கள் சுமார் 60தான். உண்மையான பலம் அவர்களுக்குக் கீழே, ஜென்ட்ரி எனப்பட்ட நிலக்கிழார்களிடம் இருந்தது. சமாதான நீதவான்கள் அவர்களிலிருந்தே நியமிக்கப்பட்டார்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் அறிந்த அந்தப் பட்டத்தின் பிறப்பிடம் இங்கிலாந்துதான். இப்பதவிக்கு ஆண்டுக்கு 20 பவுண்டாவது வருமானம் தரும் நிலம் வேண்டும் என்று 15ஆம் நூற்றாண்டுச் சட்டமே சொன்னது. திருட்டு வழக்கு, கூலி நிர்ணயம், சாராயக் கடை உரிமம், பாலம் பழுதுபார்ப்பு என எல்லாம் அவர்கள் தலையில்தான். வில்லியம் லம்பார்ட் என்ற நீதவான் தம் சகாக்களுக்காகக் கையேடே எழுதினார். அவர்கள் அமல்படுத்த வேண்டிய சட்டங்கள் ஏறக்குறைய 300. காலாண்டு அமர்வுகளில் கிடைத்த சொற்பப் படியைத் தவிர ஊதியம் கிடையாது. ஊரில் மதிப்பும் பக்கத்து நிலக்கிழாரை மிஞ்சிய செல்வாக்கும்தான் கூலி. பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவது பெரிய அவமானம். அந்த அச்சமே ராணியின் கையிலிருந்த சாட்டை.

என் வாதத்தை மறுக்க நல்ல காரணங்கள் உண்டு. ராணியின் திருமணப் பேச்சை எதிர்த்துப் பிரசுரம் எழுதிய ஜான் ஸ்டப்ஸின் வலது கை 1579இல் வெட்டப்பட்டது. நார்ஃபோக் கோமகனின் தலை 1572இல் துண்டிக்கப்பட்டது. 1569இல் வடக்கே இரண்டு பிரபுக்கள் கலகம் செய்தபோது நூற்றுக்கணக்கான சாமானியர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். இது கொடுங்கோல் இல்லையா? கொடூரம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வடக்குக் கலகத்தை அடக்கிய படை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மாவட்டங்களின் மேல்குடியினர் திரட்டிக் கொடுத்த ஆட்கள் அவர்கள். அந்த வர்க்கம் சும்மா இருந்திருந்தால் லண்டனிலிருந்து போன கட்டளை வெறும் காகிதம்.

ஆட்சியில் நிலக்கிழார்களுக்கு மட்டுமே பங்கிருந்தது என்பதும் சரியல்ல. 1577இல் இங்கிலாந்தைப் பற்றி எழுதிய வில்லியம் ஹாரிசன், கூலிக்காரர்களும் கைவினைஞர்களும் அடங்கிய கடைசி வகுப்பாருக்கு நாட்டில் குரலும் அதிகாரமும் இல்லை என்கிறார். ஆனால் கிராமங்களில் தேவாலயப் பொறுப்பாளர்களாகவும் சில சமயம் கான்ஸ்டபிள்களாகவும் அவர்களே இருக்கிறார்கள் என்று உடனே சேர்த்துக்கொள்கிறார். 1594 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் விளைச்சல் பொய்த்துப் பசி பரவியபோது இந்தக் கீழ்நிலை ஆட்சி இன்னும் வலுத்தது. 1598இல் வந்து 1601இல் திருத்தி அமைக்கப்பட்ட ஏழைகள் சட்டப்படி, ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் வசதியுள்ள இரண்டு முதல் நான்கு குடும்பத் தலைவர்கள் ஆண்டுதோறும் ஈஸ்டரை ஒட்டிக் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். அக்கம்பக்கத்தாரிடம் வரி வாங்கி, முதியவருக்கும் அநாதைக்கும் கொடுப்பது அவர்கள் வேலை. ஊர் சுற்றுபவர் என்று பிடிபட்டவருக்கோ வேறு கதி. இடுப்புக்கு மேல் ஆடையை உரித்து, ரத்தம் வரும்வரை எல்லார் முன்னிலையிலும் சவுக்கால் அடித்து, நீதவானோ கான்ஸ்டபிளோ ஊர்ப் பாதிரியாருடன் சேர்ந்து கையெழுத்திட்ட சீட்டைக் கையில் கொடுத்துப் பிறந்த ஊருக்குத் துரத்தினார்கள். அடியும் சீட்டும் உள்ளூர்க்காரர்களிடமிருந்தே வந்தன. தனக்கு ஒரு படி மேலே இருந்தவனின் முகத்தில்தான் அந்த ஏழை அரசாங்கத்தைப் பார்த்தான்.

சரி, விலை என்ன? ஆளும் வேலையை இலவசமாகச் செய்தவர்களிடம் உண்மையான வரியைக் கேட்க முடியவில்லை. சப்ஸிடி என்ற வரிக்குச் சொத்தை மதிப்பிட்டவர்கள் இதே நிலக்கிழார்கள். கஜானாவுக்கே தலைவரான பர்லி பிரபுவின் ஆண்டு வருமானம் சுமார் 4,000 பவுண்டு. வரிப் பதிவேட்டில் அது 133 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ்! ஏட்டில் 30, 40 பவுண்டு என்றிருப்பது தங்கள் செல்வத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று வால்டர் ராலே 1601இல் நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். 1585இலிருந்து ஸ்பெயினோடு போர். செலவு ஏற, ராணி அரண்மனை நிலங்களை விற்றார். வேண்டியவர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் உப்பு, கஞ்சிப்பசை, சீட்டுக்கட்டு போன்ற சரக்குகளின் ஏகபோக உரிமைகளைக் கொடுத்தார். பணக்காரன் கட்டாத வரியை உப்பு வாங்கிய ஏழை கட்டினான். இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய அநியாயம் என்று நான் கருதுவது இதைத்தான்.

1601 நவம்பரில் அந்த உரிமைகளின் பட்டியல் அவையில் வாசிக்கப்பட்டபோது, ரொட்டி அதில் இல்லையா என்று வில்லியம் ஹேக்வில் என்ற உறுப்பினர் கேட்டார். சில நாட்களில் ராணி பணிந்து, பல உரிமைகளை ரத்துசெய்து பிரகடனம் வெளியிட்டார். பின்னால் வந்த முதலாம் சார்லஸ் அப்படிப் பணியவில்லை. 1630களில் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே கப்பல் பணம் என்ற வரியை விதித்து, அதை வசூலிக்க மாவட்ட ஷெரிஃபுகளை ஏவினார். அவர்களும் சம்பளமில்லாத நிலக்கிழார்களே. 1639இல் கேட்ட தொகையின் பெரும்பகுதி வந்து சேரவே இல்லை.